“நீங்க சும்மா உக்காருங்க!”
முதுமையில் உடல் அசைவும் மனநலமும்

(வானொலி உரையின் எழுத்து வடிவம்)



நம் சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு குடும்பம் கொஞ்சம் தலைநிமிர்ந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? தார்சு வீடு, கார், புதிதாகப் போட்ட போர் என்று சொல்வீர்கள். அதற்கெல்லாம் முன்னாலேயே ஒன்று நடந்துவிடுகிறது. வீட்டுப் பெரியவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். “எங்கப்பாரை இப்பல்லாம் காட்டுப் பக்கமே விடறதில்லைங்க சாமி. உக்காந்து சாப்பிடட்டும்” என்று மகன் பெருமையோடு சொல்கிறார். அந்தப் பெருமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது வருடம் மாட்டோடும் மண்வெட்டியோடும் மல்லுக்கட்டியவருக்கு மகன் செய்கிற மரியாதை அது. அம்மாவுக்கும் இதே மரியாதை உண்டு. “நீங்க சும்மா உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்” என்று மருமகள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு அந்த உட்கார்ந்த மனிதருக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அவருடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு விழிப்பு. காபி. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, செய்தித்தாள். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் நாற்காலி உள்ளே வந்துவிடும், டிவிக்கு எதிரே. மதியம் சாப்பாடு, ஒரு தூக்கம். மூன்றரைக்கு மறுபடியும் டிவி. சாயங்காலம் பேரப்பிள்ளைகள் வருகிற நேரத்தில் கொஞ்சம் கலகலப்பு. அதுவும் அவர்கள் டியூஷன் போகிறவரைக்கும்தான். பிறகு சீரியல், இரவுச் சாப்பாடு. படுத்தால் தூக்கம் வராது. விழித்திருந்த பதினைந்து மணி நேரத்தில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தோ சாய்ந்தோ போயிருக்கும். குளியலறைக்கும் சாப்பாட்டுக்கும் எழுந்ததுதான் அன்றைய நடை.

ஒரு வருடம் இப்படிப் போனால் வீட்டில் இருப்பவர்கள் சில மாற்றங்களைச் சொல்வார்கள். “அப்பாருக்கு இப்பல்லாம் சுருக்குனு கோவம் வருது.” “அம்மாயி யாரு வந்தாலும் பேச மாட்டேங்குது.” “எதைக் கேட்டாலும் ஞாபகமில்லைங்கறாங்க.” இவற்றைச் சொல்லிவிட்டுக் கடைசியில், “வயசாயிடுச்சில்லைங்களா” என்று முடிப்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் எத்தனையோ நோய்கள் கண்டுபிடிக்கப்படாமலே போகின்றன.

மனச்சோர்வு என்ற நோய் இளையவர்களிடம் காட்டும் முகம் வேறு, முதியவர்களிடம் காட்டும் முகம் வேறு. “எனக்கு மனசு வருத்தமாக இருக்கிறது” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது அபூர்வம். “உடம்பெல்லாம் அசதி”, “முதுகு பிடிச்சுக்குது”, “வயிறு சரியில்லை”, “சோறு இறங்க மாட்டேங்குது”, “தூக்கமே வரலை” என்றுதான் சொல்வார்கள். நாமும் வலி மாத்திரையும் டானிக்கும் வாங்கிக் கொடுப்போம். சிலருக்கு மறதியும் பேச்சில் மந்தமும் வரும். மறதிநோய் வந்துவிட்டது என்று குடும்பமே பயந்துபோகும். சோர்வுக்கு வைத்தியம் பார்த்ததும் அந்த மறதி பெருமளவு குறைந்துவிடுவதும் உண்டு.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? இந்தியா முழுவதும் 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளுமாக 72,000 பேருக்கும் அதிகமானவர்களை 2017-18இல் நேரில் பார்த்து எடுத்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. ‘லாசி’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்திய முதியோர் பற்றிய தொடர் ஆய்வு அது. 60 வயதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாக அது கண்டது. அதே ஆய்வில், “எனக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்” என்று பதில் சொன்னவர்கள் 0.8 சதவீதம்தான். அதாவது பத்துப் பேருக்கு நோய் இருந்தால் ஒருவருக்குத்தான் அதன் பெயர் தெரிந்திருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டின் கணிப்புப்படி மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அப்படியானால் நம் ஒவ்வொரு அன்பியத்திலும், ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருவராவது இருப்பார்.

சரி, உட்கார்ந்திருப்பதால் சோர்வு வருகிறதா, சோர்வு வந்ததால் உட்கார்ந்துவிடுகிறார்களா? நியாயமான கேள்வி. விடை, இரண்டுமே. மனம் சோர்ந்தவருக்கு எழுந்து செருப்பை மாட்டுவதே மலையேறுவது போல இருக்கும். அவரைப் பார்த்து, “சோம்பேறியா உக்காந்திருக்காரு” என்று சொல்வது, கால் உடைந்தவரைப் பார்த்து ஓடவில்லையே என்று குறைப்படுவதற்குச் சமம். முதியோரின் சோர்வை அளக்க மருத்துவர்கள் உலகமெங்கும் 15 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு கேள்வி, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருந்துவிட விரும்புகிறீர்களா என்பது. வீட்டை விட்டு நகராமை நோயின் அடையாளமாகவே எண்ணப்படுகிறது.

மறுபக்கமும் உண்மைதான். பொருளாதாரத்துக்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து 2023இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல நாடுகளின் தகவல்களோடு, நம் தமிழ்நாட்டில் தனியாக வாழும் முதியவர்களிடம் தொடர்ந்து எடுத்த கணக்கெடுப்பையும் அதில் சேர்த்திருந்தார்கள். நம் மாநிலத்து முதியவர்களின் சோர்வோடு அதிகம் ஒட்டியிருந்தவை மூன்று: தனிமை, வறுமை, உடல்நலக் குறைவு. இன்னொன்றும் தெரியவந்தது. இன்று மனம் சோர்ந்திருப்பவருக்கு, அடுத்த முறை போய்ப் பார்க்கும்போது நடப்பது, குளிப்பது, தன் வேலையைத் தானே செய்துகொள்வது போன்ற திறன்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தன. இறந்துபோயிருக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது. சோர்வு உடலை உட்கார வைக்கிறது. உட்கார்ந்த உடல் சோர்வைக் கூட்டுகிறது. செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வருகிற இந்தச் சுழலில் எந்த இடத்தில் கை வைத்து நிறுத்துவது?

மனதைப் பிடித்து நிறுத்துவது கடினம். “சந்தோஷமா இருங்க” என்று சொன்னால் யாரும் சந்தோஷமாகிவிடுவதில்லை. ஆனால், “வாங்க, அந்தப் புளியமரம் வரைக்கும் போயிட்டு வருவோம்” என்றால் கால் நகரும். உடல் என்ற பக்கத்திலிருந்து நுழைவது எளிது.

உடல் அசையும்போது என்ன ஆகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். நம் தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள தசைகள் பெரிய தசைகள். அவை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்புகின்றன. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் இந்த இரண்டும் மந்தமாகிவிடும். வயதான உடலில் தசை தானாகவே ஆண்டுதோறும் கொஞ்சம் கரைகிறது. பயன்படுத்தாவிட்டால் கரைவது விரைவாகும். தசை குறைந்தால் எழுவது சிரமம். சிரமம் என்றால் எழமாட்டோம். பகல் வெளிச்சம் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தால் உடம்புக்கு இரவு எது, பகல் எது என்பதே குழம்பிப்போய்த் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவருக்கு அடுத்த நாள் மனம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூளையிலும் மாற்றம் நடக்கிறது. நினைவுக்கும் உணர்ச்சிக்கும் முக்கியமான ‘ஹிப்போகேம்பஸ்’ என்ற பகுதி வயதானால் மெல்லச் சுருங்கும். அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் நடந்தது. இன்னொரு குழு கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருடம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது, நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. 2011இல் வெளியான ஆய்வு இது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவைக் காட்டவில்லை. ஆனாலும் 70 வயது மூளையும் நடைக்குப் பதில் சொல்கிறது என்பது பெரிய செய்தி இல்லையா?

எவ்வளவு அசைய வேண்டும்? உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் அசைவு என்று சொல்கிறது. மிதமானது என்றால் என்ன? பேசிக்கொண்டு நடக்க முடியும், பாட்டுப் பாட முடியாது. அந்த வேகம். 65 வயதைத் தாண்டியவர்கள் தசைக்கும் உடல் சமநிலைக்குமான பயிற்சிகளை வாரம் மூன்று நாளாவது சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்த அளவைக் கேட்டதும், “நம்மால ஆகாதுங்க” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இன்னொரு செய்தி. 1,90,000 பேருக்கு மேல் பங்குகொண்ட 15 ஆய்வுகளை 2022இல் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். முழு அளவு நடந்தவர்களுக்கு, ஒன்றுமே செய்யாதவர்களைவிட மனச்சோர்வு வரும் ஆபத்து 25 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் பாதி அளவே செய்தவர்களுக்கு 18 சதவீதம் குறைவு. பாதி வேலைக்கே முக்கால் கூலி கிடைக்கிறது பாருங்கள்! ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கொஞ்சத்துக்கு வருவதில்தான் லாபம் அதிகம்.

உட்கார்ந்திருப்பது எல்லாமே ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டில் 1997இல் தொடங்கிப் பெரியவர்கள் பலரை 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். டிவி பார்ப்பது போல மனம் சும்மா இருக்கும்படி உட்கார்ந்தவர்களையும், தைப்பது, பின்னுவது, அலுவலக வேலை போன்று மனதுக்கு வேலை வைத்து உட்கார்ந்தவர்களையும் பிரித்துப் பார்த்தார்கள். சோர்வோடு அதிகம் ஒட்டியிருந்தது முதல் வகைதான். இதை நம் ஊரில் வைத்துப் பார்த்தால் எனக்கு எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வருகின்றன. ஆத்தூர்ப் பக்கம் களத்தில் உட்கார்ந்து குச்சிக்கிழங்குத் தோல் சீவும் பாட்டிமார், பரமத்தி வேலூரில் வெற்றிலையைக் கவுளி கவுளியாக எண்ணி அடுக்கும் பெரியவர்கள், சேலத்துச் சந்துகளில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் கைகள், மல்லிகை தொடுக்கும் விரல்கள். இவர்களும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். ஆனால் கை ஓடுகிறது, கண் ஓடுகிறது, வாயும் ஓடுகிறது! ஊர்க்கதை முழுக்க அங்கேதான் அலசப்படுகிறது. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

உட்காரும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஓய்வாகத்தான் இருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அவர்கள் குத்தவைத்தும் மண்டியிட்டும் இருப்பதால் கால் தசைகள் அந்த நேரத்திலும் லேசாக வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் சம்மணம் போட்டுத் தரையில்தானே சாப்பிட்டோம்? தரையிலிருந்து நாளைக்குப் பத்து முறை எழுந்தாலே அது ஒரு பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலி வந்த பிறகு அதுவும் போயிற்று. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை இப்போது தரையில் உட்காரச் சொல்லவில்லை. அவர்களுக்கு நாற்காலிதான் நல்லது. இன்னும் முடிகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். “சாமி, அப்படின்னா எழுபது வயசுல தறி ஓட்டறவங்களுக்கும், நூறு நாள் வேலைக்கு வெயில்ல போறவங்களுக்கும் மனசு ரொம்ப நல்லா இருக்கணுமே?” இல்லை. வேலை வேறு, அசைவு வேறு. தானாக விரும்பி, ஓய்வு நேரத்தில் செய்யும் அசைவுக்கு மனதளவில் கிடைக்கும் நன்மை, கூலிக்காக வேறு வழியின்றிச் செய்யும் கடும் உழைப்பில் கிடைப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. விசைத்தறிச் சத்தத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மூதாட்டிக்கு நான் நடைப்பயிற்சி சொல்லப் போவதில்லை. அவருக்குத் தேவை ஓய்வும் உதவித்தொகையும். யாரும் இந்த உரையைக் கேட்டுவிட்டு, “சாமியே சொல்லிட்டாரு” என்று கிழவியை மறுபடியும் களை பிடுங்க அனுப்பிவிடாதீர்கள்!

இன்னொரு தரப்பினர் நம் பகுதிக்கே உரியவர்கள். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் லாரியும் ரிக் வண்டியும் ஓட்டி ஓய்ந்தவர்கள். முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்து, இப்போது வீட்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியே உண்டு. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களைக் கவனித்து 1953இல் எழுதினார். ஒரே பேருந்து, ஒரே சாலை. ஆனால் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்குக் குறைவு. உடலசைவைப் பற்றிய இன்றைய ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அங்கேதான் விதை விழுந்தது. மாரிஸ் சொன்னதைத் தானும் கடைப்பிடித்தவர். 99 வயது வரை வாழ்ந்தார். அவர் பார்த்தது இதயத்தை. ஆனால் ஓய்வுபெற்ற ஓட்டுநருக்கு மனதிலும் ஒரு பள்ளம் விழுகிறது. நேற்று வரை நாக்பூர், டெல்லி என்று போன மனிதருக்கு இன்று தெருமுனை டீக்கடைதான் எல்லை. அவரோடு பேச ஆள் வேண்டும். பேசிக்கொண்டே நடக்க ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி, நடைமுறைக்கு வருவோம். முதலில், நடைப்பயிற்சி என்று பெயர் வைக்காதீர்கள். பெயர் வைத்தாலே, “அதெல்லாம் டவுன்காரங்களுக்கு” என்று பெரியவர்கள் ஒதுங்குவார்கள். ஒரு வேலையாகக் கொடுங்கள். பால் வாங்கி வருவது, ரேஷன் கடையில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்து வருவது, பேரனைப் பள்ளி வேன் வரும் இடத்தில் விட்டு வருவது, வாசலில் இரண்டு ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மருமகள்மார்களே, அத்தைக்குக் கரண்டியைத் திருப்பிக் கொடுங்கள். சமையல் முழுவதும் வேண்டாம், வாரம் ஒருநாள் கொள்ளுப் பருப்போ, ரசமோ அவர் கையால் ஆகட்டும். உப்பு ஒரு கல் கூடினால் சொல்லிக்காட்ட வேண்டாம். தன்னால் இந்த வீட்டுக்கு ஒரு பயன் இருக்கிறது என்ற எண்ணம் எந்த மாத்திரைக் கடையிலும் கிடைக்காது.

உட்காரும் நேரத்தைத் துண்டு துண்டாக்குங்கள். சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து நிற்கட்டும். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை எழுந்து ஐந்து முறை உட்கார்ந்தால் தொடைக்கு அது நல்ல பயிற்சி. சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பது, இவை விழாமல் காக்கும் பயிற்சிகள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஒருமுறை வழுக்கி விழுந்தவர் அதற்குப் பிறகு அந்தப் பயத்தாலேயே அசைய மறுக்கிறார். அசையாததால் கால் பலம் குறைந்து மறுபடி விழும் ஆபத்து கூடுகிறது. ஆகவே முதலில் வீட்டைப் பாருங்கள். குளியலறையில் பிடிமானக் கம்பி, இரவில் ஒரு சின்ன விளக்கு, பின்பக்கம் வார் உள்ள செருப்பு. கண்ணில் புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழ வேண்டும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வெகுதூரம் நடக்கக் கூடாது. நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் அங்கேயே நின்றுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

வெளியே வராமல் இருப்பதற்குப் பெரியவர்கள் வெளியில் சொல்லாத ஒரு காரணமும் உண்டு. அடிக்கடி சிறுநீர் வருகிறது, போகிற இடத்தில் கழிப்பிடம் இருக்காது. குறிப்பாகப் பெண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். கல்யாணம், கோயில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள். வைத்தியம் உள்ள தொல்லைதான் அது. நம் பங்கு ஆலய வளாகத்தில் முதியோர் எளிதாகப் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை ஒன்றாவது இருக்கிறதா என்று பங்குப்பேரவை பார்க்கட்டும்.

2020இல் கொரோனா வந்தபோது 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்று அரசு சொன்னது. அப்போது அது சரி. ஊரடங்கு முடிந்து எல்லாரும் வெளியே வந்தோம். பல பெரியவர்கள் வரவில்லை. அன்று உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருக்கிறார்கள். நம் அன்பியப் பட்டியலை எடுத்து, 2020க்கு முன் கூட்டத்துக்கு வந்து, பிறகு வராமல் போனவர்கள் யார் என்று ஒருமுறை பாருங்கள். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நடக்க முடிந்தவராக இருந்தால், செபம் முடிந்ததும் அவரோடு வாசல் வரைக்காவது சேர்ந்து நடந்துவிட்டு விடைபெறுங்கள்.

இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். கோவாவில் 60 வயதைத் தாண்டிய, லேசான சோர்வு உள்ள 181 பேரிடம் ஒரு முயற்சி செய்தார்கள். மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே போய்ப் பேசினார்கள். அன்றாடப் பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், தூக்கத்துக்கு வழி சொன்னார்கள், சர்க்கரை போன்ற நோய்களோடு உடலைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள், அரசு உதவிகளைப் பெறத் துணை நின்றார்கள். ஒரு வருடத்தில், இந்த உதவி பெற்ற 91 பேரில் 4 பேருக்குத்தான் சோர்வு முற்றியது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 90 பேரில் 13 பேருக்கு முற்றியது. 2019இல் வெளியான இந்த முடிவை நம் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் கவனிக்க வேண்டும். வீடு வீடாகப் போகும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நடை ஒரு துணைதான். முற்றிய சோர்வுக்கு மருத்துவம் வேண்டும். தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும் சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். சர்க்கரைக்காக வெகுகாலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே மனநலப் பிரிவைக் கேளுங்கள். மாத்திரை தொடங்கியவர்கள், நடக்கத் தொடங்கிவிட்டோமே என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். நடக்க நல்ல இடம் தேடுகிறவர்களுக்கு, 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒன்று உண்டு. எட்டையும் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை! 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் பாட்டிமாருக்கு ஒரு வரம்தான். காசு கேட்க வேண்டாம், மகள் வீட்டுக்கோ சந்தைக்கோ கிளம்பிவிடலாம். நிறுத்தம் வரை நடக்கிற நடை அதோடு சேர்ந்தே வருகிறது.

கடைசியாக ஒன்றை மெதுவாகச் சொல்கிறேன். “நான் இருந்து என்னத்துக்கு ஆகுது”, “என்னை எப்பக் கூப்பிடுவாரோ” என்று பெரியவர்கள் சொல்லும்போது, பழக்கத்தில் வந்த பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “ஏனுங்கப்பா, அப்படித் தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டதால் அந்த எண்ணம் வளராது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பா வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரவானாலும் பகலானாலும் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் தமிழிலேயே பேசும். முதியோருக்கான எந்த உதவிக்கும் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். பெரிய எழுத்தில் எழுதி, பெரியவர் உட்காரும் இடத்துக்கு எதிரே, டிவி பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.